ஒரு மிடறு, ஒரு குறிப்பு: கிராஃப்ட் பீரைச் சுவைத்து எழுத முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மைக்ரோப்ரூவரியில் (தாங்களே சிறிய அளவில் பீர் காய்ச்சி விற்கும் கடை) கோஸே என்றொரு பீர் வாங்கினேன். ஒரு வாய் குடித்தேன். புளித்தது, உப்புக் கரித்தது. கெட்டுப்போன பீரை விற்கிறார்கள் என்று அன்றிரவே ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் போட்டு, நாலு வரி காரசாரமாகவும் எழுதி வைத்தேன். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து கோஸே என்பதே உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்த்து, புளிப்பு ஏற்றிக் காய்ச்சுவது என்று. மோரை வாங்கிக் குடித்துவிட்டு, பால் திரிந்துவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது ஒன்றுதான். இந்த பீர் எனக்குப் பிடித்ததா என்பது ஒரு கேள்வி. இந்த வகை பீர் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி வந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. படிக்கிறவருக்குப் பயன்படுவது பெரும்பாலும் இரண்டாவதுதான். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்த இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளப் பழகுவதற்கே. சட்டப்படி குடிக்கும் வயது வந்தவர்களுக்காக எழுதுகிறேன். குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டிய அவசியமும் இல்லை.

தொடங்கும் முன் ஒரு சின்ன அடித்தளம். பீருக்கு அடிப்படை நாலே பொருள்: மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம், பெரும்பாலும் பார்லி), ஹாப்ஸ் என்ற கொடியின் பூ, ஈஸ்ட், தண்ணீர். பவேரியாவில் 1516ல் போட்ட புகழ்பெற்ற சட்டத்தில் ஈஸ்டின் பெயர்கூட இல்லை. பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றோடு நிறுத்திவிட்டார்கள். ரொட்டி, பிஸ்கட், கருப்பட்டி, காபி போன்ற சுவைகள் மால்ட்டிலிருந்து வருகின்றன. கசப்பு, பூ, பழத்தோல், பச்சிலை வாசனை எல்லாம் ஹாப்ஸ். வாழைப்பழம், கிராம்பு, மிளகு மாதிரி ஏதாவது தெரிந்தால் அது பெரும்பாலும் ஈஸ்டின் வேலை. வாயில் எது தென்பட்டாலும் ‘இது மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் மூன்றில் யார் கொடுத்தது?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதிப் பயிற்சி இதிலேயே முடிந்துவிடும்.

குடிப்பதற்கு முன்

முதல் படி, எத்தனை பீர் என்று முடிவு செய்வது. ஒரு தடவைக்கு நாலு வகை, மிஞ்சினால் ஐந்து. ஒவ்வொன்றும் 100 மில்லிக்கு மேல் வேண்டாம். ஐந்தும் சேர்ந்து அரை லிட்டர். நம் கடைகளில் விற்கும் 650 மில்லி பெரிய பாட்டிலைவிடக் குறைவு. ஆறாவது பீருக்கு நீங்கள் போடும் மதிப்பெண், உள்ளே போன ஐந்து பீரும் சேர்ந்து போடும் மதிப்பெண். ப்ரூவரிகளில் சாம்ப்ளர் என்றோ ஃப்ளைட் என்றோ கேட்டால் சின்னச் சின்னக் கிளாஸில் வரிசையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

இரண்டாவது, வரிசை. வெளிர் நிறத்தில் தொடங்கிக் கறுப்பில் முடிக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். அரைகுறை ஆலோசனை. ஜெர்மனியின் ஷ்வார்ட்ஸ்பியர் கன்னங்கரேலென்று இருக்கும், குடித்தால் லேசான லாகர் (ஈஸ்ட் குளிரில் மெதுவாக வேலை செய்யும் வகை). பெல்ஜியத்தில் வெஸ்ட்மால் மடத்துத் துறவிகளின் ட்ரிப்பெல் என்ற பீர் பொன்னிறமாக அப்பாவி போல இருக்கும், அதில் 9.5 சதவீதம் ஆல்கஹால். ஆகவே நிறத்தைப் பார்க்காமல் அழுத்தத்தைப் பார்த்து அடுக்குங்கள்: லாகர், கோதுமை பீர், சிவப்பு ஏல் (ஏல் என்றால் ஈஸ்ட் லாகரைவிடச் சூட்டில் வேலை செய்யும் வகை), அப்புறம் ஐபிஏ (இந்தியா பேல் ஏல், ஹாப்ஸ் தூக்கலான பீர்), கடைசியில் கனமான ஸ்டவுட் (வறுத்த தானியத்தில் காய்ச்சும் கறுப்பு பீர்). ஐபிஏவை முதலில் குடித்தால் அதன் கசப்பு நாக்கில் உட்கார்ந்துகொண்டு, பின்னால் வரும் மென்மையான பீரையெல்லாம் தண்ணீராக்கிவிடும்.

நேரமும் முக்கியம். சனிக்கிழமை நண்பகல், கடை திறந்த கையோடு போவது என் பழக்கம். வயிறு முட்ட இருக்கக் கூடாது, காலியாகவும் இருக்கக் கூடாது. கூட்டம் இருக்காது, பீரை ஊற்றுபவரிடம் நாலு வார்த்தை பேசலாம். அன்றைக்கு மட்டும் சென்ட், வாசனை எண்ணெய், உதட்டுக் களிம்பு எதுவும் வேண்டாம். முதல் இரண்டும் மூக்கைக் கெடுக்கும், மூன்றாவது நுரையைக் கொல்லும். அடுப்படிக்குப் பக்கத்து மேசையையும் தவிர்த்துவிடுங்கள்.

அப்புறம் மேசைக்கு வரும் அந்த மசாலா கடலை. கை போகத்தான் செய்யும், எனக்கும் போகும். ஆனால் காரம் பட்ட நாக்கில் கசப்பு இன்னும் முரட்டுத்தனமாகத் தெரியும், எலுமிச்சை பட்ட நாக்கில் மால்ட்டின் இனிப்பு குழம்பிவிடும். குறிப்பு எழுதி முடிக்கும்வரை தட்டைத் தள்ளி வையுங்கள். ஒரு பீருக்கும் அடுத்த பீருக்கும் இடையில் நாக்கைக் கழுவத் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டியும் போதும் என்பார்கள். நான் பையில் கொஞ்சம் வெறும் பொரி வைத்திருப்பேன். எண்ணெய் இல்லை, உப்பு பேருக்குத்தான், மணமும் இல்லை. இந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கும்.

கிளாஸும் குளிரும்

வீட்டில் சுவைப்பதானால் கிளாஸிலிருந்து தொடங்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் சோப்பின் மிச்சமோ எண்ணெய்ப் பசையோ இருந்தால் நுரை நிற்காது. சோதிப்பது சுலபம். கிளாஸை முழுக்க நனைத்துக் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே ஏடாக வழிந்தால் சுத்தம். அங்கங்கே துளித்துளியாக ஒட்டி நின்றால் பசை இருக்கிறது. பீர் ஊற்றிய பிறகு பக்கச் சுவரில் குமிழிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதே அர்த்தம். கழுவியதைத் துணியால் துடைக்காமல் கவிழ்த்தே காயவிடுங்கள். வாய் சற்றுக் குறுகி வயிறு அகன்ற ஒயின் கிளாஸ் இருந்தால் அதுவே எல்லா வகைக்கும் தோதாக இருக்கும். வகைக்கொரு கிளாஸ் வாங்கி அலமாரியை நிரப்புவது வேறு பொழுதுபோக்கு.

ஃப்ரீசரில் உறைய வைத்த கிளாஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். கடும் குளிரில் நாக்கு மரத்துப்போகும், மணம் எழும்பாது. நல்ல பீரும் சுமாரான பீரும் ஒன்றாகிவிடும். லாகருக்கு 4 முதல் 7 டிகிரி செல்சியஸ் சரி. ஐபிஏவுக்கு 7 முதல் 10. ஸ்டவுட்டுக்கு 10 முதல் 13. வீட்டு ஃப்ரிட்ஜ் ஏறக்குறைய 4 டிகிரியில் இருக்கும் என்பதால் லாகரை எடுத்தவுடன் ஊற்றலாம். ஐபிஏவைக் கால் மணி நேரமும் ஸ்டவுட்டை அரை மணி நேரமும் வெளியே வைத்துவிட்டு ஊற்றலாம். இது பெங்களூர்க் கணக்கு. சென்னை மே மாதத்தில் பாதி நேரம் போதும்.

ஊற்றும்போது கிளாஸை 45 டிகிரி சாய்த்துத் தொடங்கி, பாதியில் நிமிர்த்தி நடுவில் ஊற்றுங்கள். மேலே இரண்டு விரல் உயரத்துக்கு நுரை நிற்கட்டும். நுரையை ஏமாற்று வேலை என்று நினைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. மணத்தைத் தூக்கிக்கொண்டு வருவதே அந்த நுரைதான். வாயு கொஞ்சம் வெளியேறுவதால் வயிறும் உப்பாது.

முதலில் மூக்கு

கிளாஸ் வந்ததும் கண் போவதற்கு முன் மூக்கு போக வேண்டும். சில மணங்கள் முதல் நிமிடத்திலேயே பறந்துவிடும். நீளமாக இழுக்காமல், நாய் மோப்பம் பிடிப்பது போல இரண்டு மூன்று குட்டி மூச்சு. அப்புறம் உள்ளங்கையால் கிளாஸின் வாயை மூடி ஒரு சுழற்று சுழற்றி, கையை எடுத்து மறுபடி. உடனே எழுதுங்கள், பக்கத்தில் இருப்பவர் வாயைத் திறப்பதற்குள். ‘கொய்யா மாதிரி இல்ல?’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், மேசையில் எல்லோருக்கும் கொய்யா மணக்க ஆரம்பித்துவிடும். மூக்கு சீக்கிரம் களைத்துப்போகும். அப்போது உங்கள் சட்டைக் கையையே ஒரு தடவை முகர்ந்துவிட்டு வாருங்கள், பழைய நிலைக்குத் திரும்பும்.

என்ன எழுதுவது? ஆங்கிலக் குறிப்புகளைப் படித்துப் பழகியவர்கள் லிச்சி, கூஸ்பெரி, பைன் மரம் என்று எழுதத் தொடங்குவார்கள். கூஸ்பெரியைத் தின்றிராதவர் கூஸ்பெரி என்று எழுதினால் அது காப்பி. உங்கள் மூக்குக்குத் தெரிந்ததை எழுதுங்கள். பொட்டுக்கடலை, வறுத்த ரவை, பேரீச்சை, பனங்கருப்பட்டி, ரஸ்தாளிப்பழம், நார்த்தங்காய்த் தோல், மாவடுக் காம்பைக் கிள்ளும்போது வரும் பால். கடைசியாகச் சொன்னதில் கற்பனை எதுவும் இல்லை. ஹாப்ஸில் நிறைய இருக்கும் மிர்சீன் என்ற எண்ணெய்ப் பொருள் மாங்காயிலும் உண்டு. நம் வீட்டு ஞாபகமும் ரசாயனமும் அங்கே ஒரே பொருளைச் சுட்டுகின்றன.

டென்மார்க்கைச் சேர்ந்த மார்ட்டன் மெயில்கார்ட் என்ற விஞ்ஞானி 1970களில் பீரின் சுவைகளையெல்லாம் ஒரு சக்கரமாக வரிசைப்படுத்தினார். இன்றும் அதை வைத்துத்தான் பீர்ப் போட்டி நடுவர்களைப் பழக்குகிறார்கள். அதைப் பார்த்து, பக்கத்தில் உங்கள் சமையலறைச் சொற்களால் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டால் பெரிய உதவி.

கண், நாக்கு, தொண்டை

கண்ணுக்கு உள்ள வேலை சின்னது. நிறம், தெளிவு, நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது. மூன்று சொல்லில் முடித்துவிட்டு நகருங்கள்.

நாக்குக்கு வந்தால், முதல் மிடறு வாய் முழுக்கப் படும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்று பள்ளிப் பாடத்தில் போட்ட நாக்குப் படத்தை மறந்துவிடுங்கள். அது தவறு என்று தெரிந்து பல காலமாகிவிட்டது. எல்லாச் சுவையும் எல்லா இடத்திலும் தெரியும். வாயில் சில விநாடி வைத்திருந்து விழுங்கி, வாயை மூடியபடியே மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அந்த மூச்சில்தான் வரும். நம்பிக்கை இல்லாவிட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு ஏலக்காயை மென்று பாருங்கள். ஒன்றும் பெரிதாகத் தெரியாது. விரலை எடுத்த நொடியில் ஏலக்காய் வந்து நிற்கும்.

ஒயின் சுவைப்பவர்கள் துப்பிவிடுவது உண்டு. பீரில் ஒரு வாயாவது விழுங்கத்தான் வேண்டும். கசப்பு தொண்டையில் எப்படி இறங்குகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது பீரின் பாதிக் குணம்.

இந்த இடத்தில் தமிழில் எழுதுபவருக்கு ஒரு வசதி இருக்கிறது. நமக்கு அறுசுவை, அதில் துவர்ப்புக்குத் தனிப் பெயரே உண்டு. ஆங்கிலக் குறிப்புத்தாளில் துவர்ப்பைச் சுவைகளோடு வைக்காமல், வாயில் உணரும் தன்மைகளின் பட்டியலில் தள்ளியிருப்பார்கள். புதிதாகப் பழகும் பலர் கசப்பையும் துவர்ப்பையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். வாழைப்பூவும் நாவல் பழமும் தின்று வளர்ந்தவருக்கு அந்தக் குழப்பம் வரக் கூடாது. பாகற்காய் போல வந்தால் கசப்பு, அது ஹாப்ஸ். நாவல் பழம் தின்ற நாக்கு போல வறண்டு இழுத்தால் துவர்ப்பு. பார்லி உமியைச் சூடு அதிகமான தண்ணீரில் அலசும்போது அது இறங்கும். அளவு மீறினால் காய்ச்சியவரின் பிழை.

அதோடு வாயில் கனம் எப்படி (தண்ணீரா, மோரா, பாயாசமா), குமிழி குத்துகிறதா தடவுகிறதா, ஆல்கஹால் சூடு நெஞ்சில் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்து, பீர் கொஞ்சம் சூடேறிய பிறகு, மறுபடி முகர்ந்து மறுபடி குடியுங்கள். முதல் குறிப்பை அடிக்காமல் கீழே இரண்டாவதாக எழுதுங்கள். குளிரில் ஒளிந்திருந்த குறை, நிறை இரண்டும் அப்போதுதான் வெளியே வரும்.

வகைக்கு வகை எதைத் தேடுவது

பில்ஸ்னர்: 1842ல் பொஹீமியாவின் (இன்றைய செக் நாடு) பில்சன் நகரத்தில் ஜோசப் க்ரோல் என்ற பவேரியர் காய்ச்சியதிலிருந்து தொடங்குகிறது இதன் கதை. அந்த ஊர்த் தண்ணீர் உப்புகள் மிகக் குறைந்தது. அதனால் ஸாட்ஸ் என்ற ஹாப்ஸ் வகையின் கசப்பு உரசாமல் இறங்கும். பொன்னிறம், ரொட்டி மணம், பூ மணம், சுத்தமான கசப்பு. இவ்வளவுதான். ஒளிந்துகொள்ள இடமே இல்லாத பீர் இது; சின்னக் குறைகூடப் பளிச்சென்று தெரியும். லாகரைக் குளிரில் வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டும், தொட்டி அதுவரை அடைபட்டுக் கிடக்கும். அதனால் புதிய ப்ரூவரி எதற்குப் போனாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். பொறுமை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஹெஃபெவைட்சன்: பெங்களூரில் மைக்ரோப்ரூவரி அலை எழும்பிய நாள்முதல், இந்திராநகரில் 2010ல் திறந்த டாய்ட் உட்பட, ஏறக்குறைய எல்லா இடத்திலும் கிடைக்கும் பவேரியக் கோதுமை பீர். மால்ட்டில் பாதிக்குக் குறையாமல் கோதுமை இருக்க வேண்டும். வடிகட்டாததால் கலங்கலாக இருக்கும். அது குறை அல்ல. வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும், ஆனால் இரண்டையும் யாரும் போடவில்லை. ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருள் வாழைப்பழ மணத்தையும் 4-வினைல் குவாயகால் கிராம்பு மணத்தையும் தருகின்றன. இரண்டையும் செய்வது அந்த ஈஸ்ட். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டுக்கும் உள்ள சமநிலை. வாழை மட்டும் தூக்கலாக, மிட்டாய் எசன்ஸ் போல வந்தால் பெரும்பாலும் ஈஸ்ட் அதிகச் சூட்டில் வேலை செய்திருக்கிறது என்று பொருள். எந்த வாழை என்றும் எழுதுங்கள். என் குறிப்பேட்டில் ரஸ்தாளி என்று எழுதியது நல்ல பீர், தோல் கறுத்த பூவன் என்று எழுதியது சுமார்.

விட்பியர்: இதுவும் கோதுமைதான், ஆனால் பெல்ஜியம். ஹூகார்டன் ஊரில் இந்த வகை அழிந்துபோயிருந்தபோது, பியர் செலிஸ் என்ற பால்காரர் 1966ல் திரும்ப உயிர் கொடுத்தார். இதில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் உண்மையாகவே போடுவார்கள். கொத்தமல்லி விதையைப் பொடித்தால் வரும் எலுமிச்சை வாடை எட்டத்தில் தெரிய வேண்டும். சாம்பார்ப் பொடி டப்பாவைத் திறந்தது போல வந்தால் கை அதிகமாகிவிட்டது. இந்த விஷயத்தில் உலகத்து நடுவர்கள் எல்லோரையும்விட நம் மூக்குக்குப் பழக்கம் அதிகம்.

ஐபிஏ: பெயரிலேயே இந்தியா இருப்பதால் கதைகள் நிறைய. கப்பல் பயணத்தைத் தாங்குவதற்கென்றே ஒருவர் இதைக் கண்டுபிடித்தார் என்பது கட்டுக்கதை. லண்டனின் போ பகுதியில் இருந்த ஹாட்சன் ப்ரூவரி 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவுக்குப் பல பீர்களை அனுப்பியது. போர்ட்டர் என்ற கறுப்பு பீரும் அதே கடலைத் தாண்டித்தான் வந்தது. 1820களில் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து ஆல்சாப் ப்ரூவரி போட்டிக்கு வந்த பிறகு, அந்த ஊர்த் தண்ணீரில் கசப்பு இன்னும் கூர்மையாகத் தெரிய, இந்தப் பெயர் நிலைத்தது. இன்று நாம் குடிக்கும் ஐபிஏ பெரும்பாலும் அமெரிக்காவில் மறுபிறவி எடுத்தது. கேஸ்கேட், சிம்கோ, சிட்ரா, மொசைக் என்று ஹாப்ஸ் வகைகள். பம்ப்ளிமாஸ், மாம்பழம், ஊசியிலை மரப் பிசின் மணம்.

இதில் இரண்டு கிளையைப் பிரித்துப் பாருங்கள். அமெரிக்க மேற்குக் கரை வகை தெளிவாக, இனிப்பு தங்காமல் வறட்சியாக, கசப்பு தலைதூக்கி இருக்கும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துப் பக்கம் பிறந்த ஹேஸி வகை பழச்சாறு போலக் கலங்கி, மெத்தென்று, கசப்பு அடங்கி இருக்கும். முதல் வகையைக் குடித்துவிட்டு ‘ரொம்பக் கசப்பு’ என்று எழுதுவதும், இரண்டாவதைக் குடித்துவிட்டு ‘கலங்கல்’ என்று எழுதுவதும் நான் கோஸேவுக்குச் செய்த அதே தப்பு. இரண்டுக்கும் பொதுவான எதிரி வயசு. ஹாப்ஸ் மணம் சில மாதங்களில் வடிந்துவிடும். கேனில் போட்ட தேதியைப் பார்த்து, மூன்று மாதம் தாண்டியிருந்தால் அதையும் குறிப்பில் சேருங்கள். குற்றம் காய்ச்சியவருடையதா, கடை அலமாரியுடையதா என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

ஸ்டவுட்: கறுப்பைப் பார்த்துக் கனம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி, கின்னஸ் டிராஃப்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். அதன் வழவழப்பு நைட்ரஜன் வாயுவால் வருவது. குமிழி மிகச் சிறியது. முளைகட்டாத பார்லியை வறுத்துப் போடுவதால் வரும் காபிச் சுவைதான் ஐரிஷ் ஸ்டவுட்டின் உயிர். டிகாக்‌ஷன் குடித்து வளர்ந்தவர்கள் இதைத் தரம் பிரிக்கலாம்: முதல் டிகாக்‌ஷனா, இரண்டாவதா, அடிப்பிடித்ததா? சாம்பல் சுவை வந்தால் வறுவல் மிஞ்சிவிட்டது.

வெப்ப நாடுகளின் ஸ்டவுட் தனி வகை. இனிப்பு அதிகம், வறுவல் உரசாது, பழக்கூழும் கருப்பட்டியும் தெரியும். இலங்கையின் லயன் ஸ்டவுட் இதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம். அதை வெளியுலகுக்குத் தூக்கிப் பிடித்தவர் மைக்கேல் ஜாக்சன். பாடகர் அல்ல, 2007ல் மறைந்த ஆங்கிலேய பீர் எழுத்தாளர். பீரை வகை வகையாகப் பிரித்துப் பேசும் பழக்கம் பரவியதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு ஸ்டவுட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால், ஸ்டவுட் என்ற ஒரே சொல்லுக்குள் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று புரியும்.

புளிப்பு பீர்கள்: கோஸே, பெர்லினர் வைஸே, பெல்ஜியத்து லாம்பிக். முதல் இரண்டிலும் தயிரைத் தோய்க்கும் அதே குடும்பத்து பாக்டீரியாதான் புளிப்பைக் கொடுக்கிறது. அந்தப் புளிப்பு மோர்ப் புளிப்பு. லாம்பிக்கில் ஈஸ்டை யாரும் போடுவதில்லை. பிரஸ்ஸல்ஸ் பக்கம் குளிர்காலத்தில் திறந்த தொட்டியில் ஆறவிட்டு, காற்றில் வரும் கிருமிகளையே நம்பி, மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் வைக்கிறார்கள். அதில் குதிரை லாய வாடை, ஈரத்தோல் வாடை எல்லாம் பாராட்டுச் சொற்கள். இதே வாடை பில்ஸ்னரில் வந்தால் தொட்டியைக் கழுவச் சொல்ல வேண்டும்.

கெட்டதா, அப்படித்தான் இருக்குமா?

ஒரு கடையின் லாகரில் பால்கோவா மணம் வருகிறது என்று ஒருமுறை உருகி எழுதினேன். அது டைஅசிடைல். ஈஸ்ட் தானே உண்டாக்கி, அவகாசம் கொடுத்தால் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் பொருள். அவசரமாக வடித்த லாகரில் தங்கிவிடும். கடையில் பீர் ஊற்றும் குழாய் அழுக்காக இருந்தாலும் வரும். செக் நாட்டு லாகரிலும் சில ஆங்கில ஏல்களிலும் மிக லேசாக இருந்தால் மன்னிப்பார்கள். வேறெங்கும் குறைதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பச்சை ஆப்பிள் மணம் என்றால் பீர் இன்னும் பழுக்கவில்லை. வேகவைத்த மக்காச்சோளம் என்றால் பெரும்பாலும் கொதிக்கவிட்டது போதவில்லை. நனைந்த அட்டைப்பெட்டி என்றால் ஆக்ஸிஜன் பட்டுப் பழசாகிவிட்டது. காடி நெடி என்றால் தொற்று. எரிந்த ரப்பரும் பூனை மூத்திரமும் கலந்தது போல வந்தால் வெளிச்சம் பட்டிருக்கிறது. ஹாப்ஸின் கசப்புப் பொருளை ஒளி உடைப்பதால் வருவது அது. பழுப்பு பாட்டில் அந்த ஒளியைப் பெரிதும் தடுக்கும், பச்சையும் வெள்ளையும் தடுக்காது.

இதை வீட்டிலேயே பழகலாம். பச்சை பாட்டிலில் வரும் ஒரே லாகரில் இரண்டு வாங்குங்கள். ஒன்றைக் கறுப்புத் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள், இன்னொன்றை மொட்டை மாடி வெயிலில் அரை மணி நேரம் வைத்துவிட்டு அதே குளிருக்குக் கொண்டுவாருங்கள். பிறகு நண்பர் ஒருவரை, நீங்கள் பார்க்காமல் மூன்று கிளாஸில் ஊற்றச் சொல்லுங்கள். இரண்டு கிளாஸில் ஒரே பாட்டில் பீர், மூன்றாவதில் மற்ற பாட்டில். எது தனி என்று கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால் நாலைந்து தடவை செய்து பாருங்கள். நான் முதல் இரண்டு தடவையும் கோட்டை விட்டேன்.

எழுதுவது

இடம், தேதி, குழாயா பாட்டிலா, கேன் என்றால் போட்ட தேதி. முதல் வரியில் இவை இருக்கட்டும். மைக்ரோப்ரூவரி பீர் ஒவ்வொரு தடவை காய்ச்சும்போதும் மாறும். தேதி இல்லாத குறிப்பு அடுத்த மாதமே செல்லாக்காசு.

மதிப்பெண் போட விருப்பமிருந்தால், 1985ல் அமெரிக்காவில் தொடங்கிய பிஜேசிபி என்ற நடுவர் அமைப்பின் 50 மதிப்பெண் தாள் நல்ல சட்டகம். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3 என்பதைக் கவனியுங்கள். படம் எடுப்பதில் பீரைச் சூடாக்குபவர்கள் இதை இரண்டு தடவை கவனிக்கலாம். 38 வந்தால் அருமை, 45க்கு மேல் என்றால் அபூர்வம், 30 வந்தாலே நல்ல பீர். என் பழக்கம், எழுத்தை முடித்த பிறகே எண்ணைப் போடுவது. எண்ணை முதலில் போட்டால், எழுத்து அதற்கு வக்காலத்து வாங்கத் தொடங்கிவிடும்.

சில சொற்களைத் தடை செய்துகொள்ளுங்கள். ‘செம பீர், ரொம்ப ஸ்மூத், கண்டிப்பா ட்ரை பண்ணுங்க’ என்று எழுதினால் படித்தவருக்கு எதுவும் தெரியாது. ஸ்மூத் என்றால் குமிழி குறைவா, கசப்பு குறைவா, ஓட்ஸ் போட்டதால் வழவழப்பா? எதுவோ அதை எழுதுங்கள். கடைசி வரியில், வேண்டுமென்றால் அங்கே மட்டும், உங்களுக்குப் பிடித்ததா என்று சொல்லுங்கள்.

போன மாதம் அதே கடையில் கோஸே மறுபடி குழாயில் வந்திருந்தது. இந்தத் தடவை எழுதியது இது:

‘கோஸே. குழாயிலிருந்து, சனிக்கிழமை மதியம். மணம்: தாளிக்காத மோர், நசுக்கிய கொத்தமல்லி விதை, பின்னால் லேசாக ரொட்டி மாவு. வெளிர் மஞ்சள், கலங்கல். நுரை ஒரு நிமிடத்தில் அடங்கியது. சுவை: முதலில் எலுமிச்சைப் புளிப்பு, நடுவில் உப்பு, கசப்பு கிட்டத்தட்ட இல்லை. வகைக்குப் பொருத்தம். உப்பு ஒரு சிட்டிகை கூடுதல், விழுங்கிய பிறகும் உதட்டில் நிற்கிறது. வாயில் லேசு, குமிழி சுறுசுறுப்பு. பத்து நிமிடம் கழித்து கொத்தமல்லி பின்வாங்கி, கோதுமை முன்னுக்கு வந்தது. 50க்கு 34. எனக்குப் பிடித்ததா? ஒரு கிளாஸ் வரைக்கும்.’